பழைய 110ஐ வச்சுத் திருத்திறதோ, வித்துப்போட்டு லீசிங்கில எடுக்கிறதோ?

போன கிழமை வன்னியில ஒட்டுசுட்டானில இருந்து மச்சான் கோல் எடுத்து ஒரே புலம்பல். கார் இந்த மாதம் மட்டும் மூண்டு தரம் கராஜ் ஏறி இறங்கியிட்டுதாம், மனுசி சொல்லுறாவாம் உதை வித்துத் தொலைச்சுப்போட்டு லீசிங்கில ஒரு வேகன் ஆர் எடுப்பம் எண்டு, மாமிக்கு மாதம் ஒருக்கா வவுனியாவில கிளினிக் இருக்கு, அதால கார் இல்லாமலும் ஏலாது. கார் டொயோட்டா கொரோலா 110, 97ஆம் ஆண்டு மொடல், மீற்றரில 3 லட்சத்து 40 ஆயிரம் கிடக்கு, அதையும் நம்பேலாது, அவன்ர கைக்கு வர முதல் ஆர் ஆர் திருப்பி விட்டவையோ ஆருக்குத் தெரியும். என்னட்டயும் அதே 110 தான், 12 வருசமா வச்சு உருட்டிறன், அதாலதான் என்னட்டக் கேட்டவன். ஃபோனில அரைவாசி தான் சொன்னனான், மிச்சத்தையும் சேத்து எழுதிறன், இதே கேள்வியோட எங்கட பக்கத்தில கன பேர் இருக்கினம்.

முதல் விலைக் கதை. 2020 மாசியில ஒரு காரை என்ன விலைக்கு வாங்கினனியளோ அதை இப்ப யோசிக்கக் கூடாது. 2020 பங்குனியில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவங்கள், சொந்தப் பாவனைக்குக் கார் கொண்டுவர விட்டது 2025 மாசியில தான். அஞ்சு வருசம் நாட்டுக்குள்ள புதுசு வராட்டி உள்ள பழசுக்கெல்லாம் விலை ஏறாமல் என்ன செய்யும், 25 வருசக் காருக்கு ஆக்கள் கேட்ட விலையைக் கேட்டா தலை சுத்தும். இப்ப விட்டாலும் வரி பொல்லாத வரி, பாவிச்ச கார் எண்டா மூண்டு வருசத்துக்கு மேற்பட்டதைக் கொண்டு வரேலாது. அப்ப மச்சான்ர 110ஐ வித்தா நல்ல காசு வரும் எண்டது உண்மை தான், ஆனா வாங்கப் போற இடத்திலயும் அதே ஏறின விலை தானே நிக்குது, வித்த சந்தோசம் வாங்கிற வரைக்கும் தான்.

இனி லீசிங்கைப் பாப்பம். வித்த காசை முன்பணமாக் கட்டிப்போட்டு 20 லட்சம் லீசிங் போடுறான் எண்டு வைப்பம், வட்டி வருசத்துக்கு 15 வீதம், 5 வருசம். மாதம் 47,600 கிட்ட வரும். கட்டி முடியேக்க 28 லட்சத்து 55 ஆயிரம், அதில எட்டரை லட்சம் வட்டிக்கு மட்டும் போயிருக்கும். லீசிங் எண்டா ஃபுல் இன்சூரன்ஸும் போடோணும், பழசுக்கு தேர்ட் பார்ட்டியோட சமாளிக்கலாம்.

மச்சான் சொல்லுற நியாயம் பெற்றோல் மிச்சம் எண்டு. அது சரியான நியாயம் தான், நானும் ஒத்துக்கொள்ளுறன், 110 லீட்டருக்கு 10 ஓடினா வேகன் ஆர் 18 ஓடும். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடுற ஆளுக்கு லீட்டர் 300 ரூபாப்படி பாத்தா 13,000க்கு மேல மிச்சம். ஆனா மச்சான் மாதம் 600 கூட ஓடுறேல்லை, கிளினிக், சந்தை, ஒரு கலியாண வீடு, ஒரு செத்தவீடு அவ்வளவு தான், அவனுக்கு மிச்சம் 8,000. 8,000 மிச்சம் பிடிக்க 47,600 கட்டிறதோ? என்ர கணக்கையும் சொல்லுறன், பிள்ளையின்ர பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒண்டில எல்லாம் எழுதி வச்சிருக்கிறன், போன வருசம் முழுக்க என்ர காருக்குப் போனது ரெண்டு ரயரோட சேத்து 1 லட்சத்து 60 ஆயிரம் சொச்சம். அது மூண்டரை மாதத் தவணைக் காசு கூட வராது.

இன்னொண்டு, இதைக் கொழும்பில இருக்கிறவைக்குச் சொன்னா விளங்காது. மச்சானுக்கு வருமானம் வயல். தவணை மாதம் மாதம் வரும், நெல்லுக்காசு வருசத்தில ரெண்டு தரம் வந்தாப் பெரிய விசயம், சிறுபோகத்துக்குத் தண்ணி இல்லையெண்டா அதுவும் ஒருக்காத் தான். சண்டை முடிஞ்ச கையோட லீசிங்கில உழவு மெசினும் மோட்டச்சைக்கிளும் எடுத்துப்போட்டு கட்டேலாமல் வாசலில சீஸ் பண்ண வந்து நிண்டவங்களைப் பாத்த ஊர் இது, நான் ஒண்டும் புதுசாச் சொல்லேல்லை.

சரி புதுசில நல்லது ஒண்டும் இல்லையோ எண்டா இருக்கு. ஏசி குளிரா வேலை செய்யும், எயார் பாக் இருக்கும், விடியக் காலமை திறப்பைத் திருப்பினா ஸ்ராட் வரும். அரசாங்கச் சம்பளக்காரர், ஒவ்வொரு நாளும் பரந்தனில இருந்து முல்லைத்தீவுக்கு அந்த 50 சொச்சம் கிலோமீற்றரை ஓடி வாற ஆள், ஸ்பனரைக் கையால தொட விருப்பம் இல்லாத ஆள், அவைக்கு லீசிங் பிழையெண்டு சொல்ல மாட்டன். ஆனா ஒண்டு, ஹைபிரிட் எடுக்கிறதெண்டா எங்கட கிறவல் றோட்டை நினைச்சுக்கொண்டு எடுங்கோ. அக்குவா மாதிரிக் காரில பெரிய பற்றறிக்குக் காத்து இழுக்கிற ஓட்டை பின் சீற்றுக்குப் பக்கத்தில இருக்கு, அதுக்குள்ள புழுதி அடைச்சா பற்றறி சூடாகிச் சாகும், அதைத் துப்பரவாக்கோணும் எண்டு விக்கிறவன் சொல்ல மாட்டான். செக் லைற் எரிஞ்சா பிழையை வாசிக்கிற ஸ்கானர் வச்சிருக்கிற ஆளைத் தேடிக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகோணும்.

காரை வித்துப்போட்டு மோட்டச்சைக்கிளோட இருந்துகொண்டு தேவைக்கு ஹயர் பிடிக்கிறது எண்டு இன்னொரு வழி இருக்கு, கணக்குப்படி அதுதான் ஆக மலிவு. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு மாமிக்கு மூச்சு இழுத்தா ஹயர்காரன் ஃபோன் தூக்கோணுமே. அதோட அதை விடுவம்.

மிச்சம் ரெண்டு வழி, காரை வச்சுக்கொண்டு எல்லாத்துக்கும் கராஜை நம்பிறது, இல்லாட்டி வீட்டில நாங்களே செய்யிறது.

கராஜ்காரர் எல்லாரும் ஏமாத்துக்காரர் எண்டு நான் சொல்ல வரேல்லை, எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணை சத்தத்தைக் கேட்டே வருத்தம் சொல்லுவார். பிரச்சினை என்னெண்டா, நல்ல ஆள் எண்டா அவற்ற முத்தத்தில பத்து வாகனம் நிக்கும், பெரும்போகம் தொடங்கினா உழவு மெசின் தான் முதல், உங்கட கார் பின்னால. நேரம் இல்லாத மனுசன் ஆராய மாட்டார், சாமானை மாத்துவார். நாலு வருசத்துக்கு முந்தி என்ர கார் இழுவை இல்லாமல் குலுங்கத் தொடங்கிச்சுது, ஒரு கராஜில குடுத்தன், பேர் வேண்டாம், பிளக் ஒண்டைக் கழட்டிப் பாத்திட்டு ஒயில் அடிச்சிருக்கு, பிஸ்ரன் ரிங் போயிட்டுது, எஞ்சின் இறக்கோணும் எண்டாங்கள், லட்சத்துக்கு மேல ஒரு விலையும் சொன்னாங்கள். எனக்கு நெஞ்சு இடிச்சுப் போச்சு. வீட்ட கொண்டுவந்து வேப்பமரத்துக்குக் கீழ விட்டிட்டு, பின்னேரம் ரோச் லைற்றோட போய் பிளக் வயர் நாலையும் ஒவ்வொண்டா இழுத்துப் பாக்கிறன், மூண்டாவது வயரின்ர றப்பர் நுனியில ஒயில் சொட்டுது, குழிக்குள்ள ரோச் அடிச்சா ராவில கிணத்தை எட்டிப் பாத்த மாதிரி ஒயில் மினுங்குது. இந்த எஞ்சினில பிளக் நாலும் நடுவில ஆழமான குழிக்குள்ள தான் இருக்கு, மேல் மூடிக்கும் குழிக்கும் நடுவில ஒரு வளையம், பிளக் ரியூப் சீல் எண்டுவினம், அது காஞ்சு வெடிச்சா மேல ஓடுற ஒயில் குழிக்குள்ள இறங்கும், பிளக் சரியா அடிக்காது. ரிங்குக்கும் இதுக்கும் ஒரு சம்மந்தமும் இல்லை. பிளக்கைக் கழட்ட முதல் குழியில நிக்கிற ஒயிலைத் துணியால ஒத்தி எடுக்கோணும், இல்லாட்டி எல்லாம் சிலிண்டருக்குள்ள போகும், நான் பழைய பெனியனைக் கிழிச்சு ஸ்குறூ றைவரில சுத்தி எடுத்தன், மிச்ச ஊத்தைக்கு சைக்கிள் பம்பால ஊதினன். கேஸ்கெற் செற் ஒண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவு தான் செலவு. எஞ்சின் இண்டைக்கும் ஓடுது.

அண்டையில இருந்து எனக்கு ஒரு எண்ணம். வன்னியில காருக்கு வயசோ கிலோமீற்றரோ முக்கியம் இல்லை, அது எந்த இடத்தில நிண்டு போகும், நிண்டா அதை எழுப்ப உங்களுக்குத் தெரியுமோ எண்டது தான் முக்கியம். ஒட்டுசுட்டானுக்கும் மாங்குளத்துக்கும் நடுவில பொழுதுபட்ட நேரம் கார் நிண்டா இந்தப் பக்கம் காடு, அந்தப் பக்கம் காடு, யானை வாற இடம், அங்க ஃபுல் இன்சூரன்ஸ்காரன் வந்து சேர எவ்வளவு நேரம் எண்டு நீங்களே பாருங்கோ.

எங்கட ஆக்களுக்கு இது பழக்கம் இல்லாத வேலையும் இல்லை. 90களில இஞ்ச பெற்றோல் தடை, ஒஸ்ரின் கேம்பிரிஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில ஓடினது. ஸ்ராட் பண்ண மட்டும் கொஞ்சப் பெற்றோலை காபறேற்றருக்குள்ள பீச்சி விடுவினம், எஞ்சின் சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவினம், எரியாத மண்ணெண்ணெய் வடிஞ்சு இறங்கி எஞ்சின் ஒயில் தண்ணியாப் போகும், அதால ஒயிலை அடிக்கடி மாத்துவினம். சித்தப்பா மருந்து ஏத்தின சேலைன் போத்தலைத் தான் பெற்றோல் ராங்கா வச்சிருந்தவர், நான் சின்னப் பெடியனா பக்கத்தில நிண்டு அதைப் பிடிச்சிருக்கிறன். 2022இல லீட்டர் 470க்குப் போய், கியூஆர் கோட்டில காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர் எண்டு அளந்து விட்ட நேரம் கொழும்பு ஆக்கள் உலகம் முடிஞ்ச மாதிரிக் கதைச்சினம், எங்கட கிழடுகள் சிரிச்சுக்கொண்டு வரிசையில நிண்டதுகள்.

இப்ப மச்சான்ர காருக்கு வாறன். மூண்டு தரம் கராஜ் போனான் எண்டனே, விசாரிச்சுப் பாத்தா மூண்டும் ஒரே வருத்தம், சூடு. முதல் தரம் ஹோஸ் மாத்தினவங்களாம். ரெண்டாம் தரம் தெர்மோஸ்ரற்றை, எஞ்சின் சூடானாத் தான் தண்ணியை றேடியேற்றருக்கு விடுற வால்வை, கழட்டி எறிஞ்சவங்களாம், இது எங்கட நாட்டு வைத்தியம், எனக்கு இதைக் கேட்டா விசர் வாறது. அந்த வால்வு 82 பாகையில திறக்கிற மாதிரிச் செய்து வச்சிருக்கிறான், அதைக் கழட்டினா எஞ்சின் சூடாக நேரம் எடுக்கும், கொம்பியூட்டர் எஞ்சின் இன்னும் குளிரா இருக்கெண்டு நினைச்சு பெற்றோலைக் கூட ஊத்தும், பிறகு கார் தண்ணி மாதிரிக் குடிக்குது எண்டு அழுறது. மூண்டாம் தரம் இப்ப ஹெட் கேஸ்கெற், எஞ்சின்ர மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் நடுவில இருக்கிற தகடு, போயிட்டுது எண்டு சொல்லுறாங்களாம். ஒருத்தரும் றேடியேற்றர் ஃபான் சுத்துதோ எண்டு பாக்கேல்லை.

ஃபானைப் பாக்கிறது ரெண்டு நிமிசம். இந்தக் காரில கூலன்ற், அதுதான் எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணி, அதின்ர சூட்டைப் பாத்து ஃபானைப் போடுற சின்னச் சுவிட்ச் ஒண்டு இருக்கு, அதில ஒற்றை வயர் சொருகி இருக்கும். இக்னிசனைப் போட்டுக்கொண்டு அந்த வயரை இழுத்து விடுங்கோ, ஃபான் உடன சுத்தோணும், டொயோட்டாக்காரன் அப்பிடித்தான் வச்சவன், வயர் அறுந்தா ஃபான் சுத்தட்டும், எஞ்சின் தப்பட்டும் எண்டு. சுத்திச்செண்டா மோட்டரும் றிலேயும் நல்லம், சுவிட்சுத் தான் பழுது, வயரைக் கழட்டின படி வீட்ட வந்து சேரலாம். சுத்தேல்லையெண்டா ஃபியூஸ், றிலே, மோட்டர் எண்டு பாக்கோணும்.

ஹெட் கேஸ்கெற்றோ எண்டு பாக்கிறதும் வீட்டிலயே ஏலும். விடியக் காலமை எஞ்சின் பச்சைத் தண்ணியாக் கிடக்கேக்க றேடியேற்றர் மூடியைத் திறந்து வச்சு ஸ்ராட் பண்ணுங்கோ, சோறு கொதிக்கிற மாதிரிக் குமிழி விடாமல் வந்துகொண்டு இருந்தா சந்தேகம். ஒயில் ஊத்திற மூடிக்குக் கீழ பால்தேத்தண்ணி நிறத்தில களி பிடிச்சிருந்தா சந்தேகம் கூடும். ஒரு இடமும் ஒழுகாமல் தண்ணி குறைஞ்சுகொண்டு போனா அதுவும். சூடா இருக்கேக்க மட்டும் அந்த மூடியில கை வைக்கக் கூடாது, முகம் வெந்துபோகும்.

அடுத்தது தண்ணி. எங்கட கிணத்துத் தண்ணியில தேத்தண்ணி வைக்கிற கேத்தலுக்குள்ள பாருங்கோ, வெள்ளையா கல்லுப் பிடிச்சிருக்கும், மனுசி மாதம் ஒருக்கா தேசிக்காய்ப் புளி விட்டுச் சுரண்டுவா. அதே தண்ணியை வருசக் கணக்கா றேடியேற்றருக்கு ஊத்தினா அதுக்குள்ள மட்டும் பூவோ பூக்கும்? கூலன்ற் வாங்கி பற்றறிக்கு விடுற தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்கோ, வழியில அவசரத்துக்குக் கிணத்துத் தண்ணி விட்டா வீட்ட வந்து மாத்துங்கோ.

செக் லைற் எரிஞ்சா இந்த வயசுக் காருக்கு ஸ்கானர் தேவையில்லை. பொனட்டுக்குக் கீழ ஒரு சின்னப் பெட்டி, மூடியில டயக்னோசிஸ் எண்டு எழுதியிருக்கும், திறந்து ரிஈ1 (TE1), ஈ1 (E1) எண்டு இருக்கிற ஓட்டை ரெண்டையும் ஒரு வயர்த் துண்டால தொடுத்துப்போட்டு இக்னிசனைப் போட்டா லைற் விட்டு விட்டு எரியும், அதை எண்ணுறது தான். ரெண்டு தரம் எரிஞ்சு, கொஞ்சம் பொறுத்து ஒருக்கா எரிஞ்சா 21, ஒட்சிசன் சென்சர். 22 தண்ணிச் சூட்டுச் சென்சர். 41 துறொட்டில் சென்சர். ஒரே சீரா நிக்காமல் சிமிட்டினா பிழை ஒண்டும் பதிவில இல்லை. எனக்கு ஒருக்கா 22 வந்து, சென்சர் வாங்கப் போக வெளிக்கிட்டுப்போட்டு எதுக்கும் வயரைப் பாப்பம் எண்டு பாத்தா எலி கடிச்சு வச்சிருக்கு. விறாந்தையில நெல்லு மூட்டை அடுக்கினா எலி வரும், எஞ்சின் இளஞ்சூடா இருக்கும், எயார் ஃபில்ரர் பெட்டிக்குள்ள வைக்கலும் பஞ்சும் கொண்டுவந்து கூடு கட்டியிருக்குது, உள்ள நாலு உமி. அறுவடை முடியிற காலத்தில ஃபில்ரரைத் திறந்து பாருங்கோ, வெட்டு மெசின் ஓடுற புழுதியே காணும், எலி வேற.

வீட்டில செய்யிறதெண்டா சாமான் கனக்க வேண்டாம், 10, 12, 14, 17 ஸ்பனர் சொக்கெற்றோட, பிளக் ஸ்பனர், குறடு, ஒரு மல்ரி மீற்றர், நல்ல ஜக். ஜக்கை மட்டும் நம்பிக் கீழ போகக் கூடாது, நான் ரெண்டு முதிரைக் கட்டை வச்சிருக்கிறன், வீடு கட்டேக்க மிஞ்சின வளைத் துண்டு, அதை வச்சு காரைத் தள்ளிப் பாத்து அசையேல்லையெண்டாத் தான் தலையை உள்ள விடுவன். செங்கல்லு, சீமெந்துக் கல்லு வைக்கிறதைப் பாத்திருக்கிறன், அது சொல்லாமல் வெடிக்கும். ஒயில் மாத்திறது மூண்டு லீட்டர் வேலை, பிளக், ஃபில்ரர், பெல்ற், பிறேக் பாட், றேடியேற்றர், எல்லாம் வீட்டில ஏலும். வீல் பக்கம் ஷாஃப்ற் மூட்டை மூடி இருக்கிற சீவி பூட் றப்பரை மாதம் ஒருக்கா எட்டிப் பாருங்கோ, அது கிழிஞ்சு கிறீஸ் வெளிய போய் கிறவல் புழுதி உள்ள போச்செண்டா, முழுசா வெட்டித் திருப்பேக்க டிக் டிக் எண்டு கேக்கும், றப்பரோட போற செலவு ஷாஃப்ரோட போய் நிக்கும்.

நான் தொடாத வேலையும் இருக்கு. பிறேக் மாஸ்டர் சிலிண்டரும் பைப்பும் நான் செய்யிறேல்லை, முன் ஷொக்கின்ர சுருள் ஸ்பிரிங் கழட்டிறேல்லை, அது பாஞ்சா மனுசனை அடிச்சு விழுத்தும், ஏசி காஸ், வெல்டிங், ஒட்டோ கியர்பொக்ஸ், இதெல்லாம் காசு குடுத்துச் செய்விக்கிறது தான். ரைமிங் பெல்ற்றை முதல் தரம் தெரிஞ்ச ஆளோட இருந்து செய்தன். இந்த 1500 எஞ்சினில, 5ஏ எண்டு சொல்லுற அதில, பெல்ற் அறுந்தா கார் நிக்கும், வால்வு பிஸ்ரனில இடிக்காது, அது ஒரு புண்ணியம், எல்லா எஞ்சினும் அப்பிடி இல்லை.

சாமான் பிரச்சினை இல்லை, அதுதான் 110இன்ர பெரிய பலம். கிளிநொச்சியில இல்லாட்டி வவுனியா, அங்கயும் இல்லாட்டி கொழும்பு பஞ்சிகாவத்தையில இல்லாத சாமான் இல்லை, கடைக்காரன் ராத்திரி பஸ்ஸில குடுத்து விட்டா விடிய ஏ9 றோட்டில நிண்டு வாங்கலாம். டூப்ளிக்கேற் கவனம், தெர்மோஸ்ரற் எண்டா வாங்கினதும் ஒரு சட்டித் தண்ணியில போட்டு அடுப்பில வச்சு திறக்குதோ எண்டு பாத்துத் தான் பூட்டிறன், மனுசி சட்டியைக் கண்டா ஏசுவா.

இவ்வளவும் சொல்லிப்போட்டு, எப்ப காரை விடோணும் எண்டதையும் சொல்லோணும். எஞ்சினுக்காக விட வேண்டாம், எஞ்சின் மாத்தலாம். துரு தான் யமன். கடற்கரைப் பக்கம், முல்லைத்தீவில மீன் ஏத்தி ஓடின கார் எண்டா கீழ படுத்து ஸ்குறூ றைவர்ப் பிடியால தட்டிப் பாருங்கோ, டங் எண்டு கேக்காமல் பொத் எண்டு கேட்டா, அதுவும் பின் சஸ்பென்சன் பூட்டிற இடத்தில கேட்டா, பெயின்ற் எவ்வளவு மினுங்கினாலும் வேண்டாம். மற்றது ஓப்பின் பேப்பர். புத்தகம் இன்னும் பழைய ஆளின்ர பேரில, அந்த ஆள் இப்ப கனடாவில எண்டா, திருத்தித் திருத்தி நீங்கள் வளர்க்கிறது மற்றவன்ர மாடு.

நான் வவுனியாவுக்குப் போற நேரமெல்லாம் முறிகண்டியில கற்பூரம் கொளுத்திப்போட்டு கச்சான் வாங்கிற நேரத்தில காருக்குக் கீழ ஒருக்காக் குனிஞ்சு பாப்பன், சொட்டு ஏதும் விழுந்திருக்கோ எண்டு.

மச்சானை வாற ஞாயிறு வெள்ளன கொண்டு வரச் சொல்லியிருக்கிறன், சூட்டு முள்ளைப் பாத்துப் பாத்து மெல்லமா வந்து ராத்திரியே விட்டாலும் நல்லம், விடிய எஞ்சின் ஆறிக் கிடக்கும். ஃபான் வயரை இழுத்துப் பாப்பம், மூடியைத் திறந்து குமிழி பாப்பம், கீழ படுத்துத் தட்டிப் பாப்பம். ஃபான் சுவிட்ச் தான் எண்டா புதுத் தெர்மோஸ்ரற் ஒண்டும் போட்டிட்டு மத்தியானம் சாப்பிட்டுப்போட்டு ஓடிப் போகலாம். ஹெட் கேஸ்கெற் எண்டாலும் செய்விக்கலாம், அதுக்கும் ஒரு தவணைக் காசு ரெண்டு தவணைக் காசுக்குள்ள தான் வரும். ஹெட்டும் போய்க் கீழ துருவும் எண்டா அவன்ர மனுசி சொன்னது தான் சரி, வேகன் ஆர் பாக்க நானும் கூட வாறன், முதிரைக் கட்டையையும் எடுத்துக்கொண்டு.